உடைந்த கண்ணாடியும் கட்டிய தவணையும்

போன மாதம் வங்கி ஊழியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெறச் சில வருடங்களே மிச்சமிருக்கிற என்னைப் போன்றவர்களை இந்த வகுப்புகளுக்கு அனுப்புவது கதிரைகளை நிரப்பத்தான் என்பது எங்களுக்கும் தெரியும், நடத்துகிறவர்களுக்கும் தெரியும். வகுப்பெடுத்தவருக்கு என் மகன் வயது. கெட்டிக்காரப் பிள்ளை. இடர் முகாமைத்துவம் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தவர் திரையில் ஒரு வரைபடத்தைப் போட்டார். 2019 ஏப்ரல் என்ற இடத்தில் சிவப்பில் ஒரு கோடு: இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த மாதம். அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வங்கிகளின் மூலதன விகிதம், அதாவது நட்டம் வந்தால் தாங்க வைத்திருக்கும் சொந்தக் காசின் அளவு, பெரிதாக அசையாமல் போய்க்கொண்டிருந்தது. "பாருங்கள், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலை எங்கள் வங்கித்துறை அப்படியே தாங்கிக்கொண்டது" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

பொய்க்குத் தலையாட்டவில்லை. அந்த வருடம் ஒரு வங்கியும் விழவில்லை, வைப்பிலிட்ட காசை எடுக்க ஒரு கிளையிலும் சனம் முண்டியடிக்கவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இருந்தபடி அந்தச் சிவப்புக் கோட்டையே யோசித்துக்கொண்டிருந்தேன். தாங்கிக்கொண்டது சரி, யாருடைய தோளில் வைத்துத் தாங்கிக்கொண்டது? இதைக் கையை உயர்த்திக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு தங்கச் சங்கிலியைப் பற்றியும் ஒரு வானைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும். வகுப்பில் அதற்கு நேரமில்லை. இங்கே இருக்கிறது.

கோட்டையில் ஒரு புதன்கிழமை

குண்டையும் வங்கியையும் சேர்த்து யோசிக்கும்போது என் தலைமுறைக்கு முதலில் வருவது 1996 ஜனவரி 31. நான் புறக்கோட்டையில் ஒரு கிளையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பதினொரு மணிக்குக் கொஞ்சம் முந்தி அந்தச் சத்தம் கேட்டது. சத்தம் என்று சொல்வதைவிட, காலுக்குக் கீழே நிலம் ஒருமுறை மூச்சு வாங்கியது என்றால் பொருந்தும். எங்கள் கிளையின் முன்கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியது. விழவில்லை, அப்படியே நின்றது. ஜனாதிபதி மாவத்தையில் மத்திய வங்கியின் வாசலுக்குள் வெடிமருந்து ஏற்றிய லொறியைக் கொண்டுபோய் மோதியிருந்தார்கள் என்பது சிறிது நேரத்தில் தெரிந்தது. 91 பேர் செத்தார்கள். காயப்பட்டவர்கள் 1,400 பேர். கண்ணாடிச் சில்லு பட்டுப் பலருக்குப் பார்வை போனது. செய்தது விடுதலைப் புலிகள்தான் என்பதில் கிளையில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அச்சடித்த அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்த எனக்கும் இருக்கவில்லை. அன்று பின்னேரம் என்னோடு வேலை செய்த ஒரு சிங்கள அக்கா, "மல்லி (தம்பி), நீ வாயைத் திறக்காதே, என்னோடு வா" என்று சொல்லி, சோதனைச் சாவடிகளைத் தாண்டி மருதானை வரை கூட்டிக்கொண்டு நடந்தார். அது வேறு கதை. ஆனால் அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வரவில்லை.

ஒரு நாட்டின் மத்திய வங்கியையே உடைத்தால் அந்த நாட்டின் வங்கிகள் என்ன ஆகும்? 'விழுந்துவிடும்' என்றுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். அடுத்த நாள் காலையில் எங்கள் கிளையில் வழக்கத்தைவிட நீண்ட வரிசை. முதலாவதாக நின்றவர் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி. கவுன்டருக்குக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "தம்பி, என்ட காசு அந்தக் கட்டடத்திலயா இருந்தது?" என்று கேட்டார். சிரிக்காமல், 'இல்லை' என்றேன். அவர் நம்பவில்லை. ஐம்பதாயிரம் ரூபாயை எடுத்து, மூன்று தரம் எண்ணி, பையில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அதே ரூபாயைக் கொண்டுவந்து மறுபடி போட்டார். பணக்கட்டில் எங்கள் கெஷியர் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது.

எங்களுக்கு உண்மையில் இடித்தது காசோலைகள்தான். வேறு வங்கிகளின் மேல் எழுதிய காசோலைகள் மத்திய வங்கி வழியாகப் போய்த் தீர்ந்து வரவேண்டும். அன்று காலை கட்டி வைத்த கட்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்கவேண்டிய ஒரு கம்பனியின் கணக்கில் காசு இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. முகாமையாளர் தனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களுக்குத் தன் பொறுப்பில் கொடுத்தார். தெரியாதவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்றார். வங்கித் தொழிலின் அடி ஆழம் அதுதான் என்று அன்று தோன்றியது: தெரிந்த முகத்துக்குக் கொடு, தெரியாத முகத்தை நாளைக்கு வரச் சொல். மத்திய வங்கிக்காரர்கள் ராஜகிரியவில் மேசை போட்டு வேலையைத் தொடங்கினார்கள். குறுக்காக வெடித்த எங்கள் கண்ணாடியை அடுத்த புதன்கிழமையே மாற்றிவிட்டார்கள். புதுக் கண்ணாடி பழையதைவிடச் சுத்தமாக இருந்தது.

அதனால் நெடுநாளாக நான் நம்பியிருந்தது இதுதான்: குண்டு கட்டடத்தைத்தான் உடைக்கும். வங்கி இருப்பது கட்டடத்தில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது.

விமானத்தில் போன காசோலைகள்

அந்த நம்பிக்கைக்கு மிகப் பெரிய சாட்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. 2001 செப்டெம்பர் 11 அன்று, அங்கத்தைய மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர் கிரீன்ஸ்பான் நாட்டிலேயே இல்லை. சுவிட்சர்லாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய விமானத்தைப் பாதி வழியில் திருப்பி மறுபடி சூரிச்சில் இறக்கினார்கள். வாஷிங்டனில் பொறுப்பில் இருந்தவர் துணைத் தலைவர் ரோஜர் பெர்குசன். அன்று வந்த அறிக்கை இரண்டே வரி. பெடரல் ரிசர்வ் திறந்திருக்கிறது, இயங்குகிறது. காசு தேவைப்படும் வங்கிகளுக்கு எங்கள் கடன் ஜன்னல் திறந்திருக்கிறது. நான் வாசித்த வங்கி அறிக்கைகளில் இதைவிடச் சுருக்கமானதும் இதைவிட வேலை செய்ததும் இல்லை. அடுத்த நாள் அந்த ஜன்னல் வழியாகப் போன கடன் 45 பில்லியன் டொலருக்கு மேல். சாதாரண நாட்களில் அங்கே போவது இதில் ஒரு துளி.

ஏன் அவ்வளவு தேவைப்பட்டது? வங்கிகள் நட்டப்பட்டதால் இல்லை. குழாய் அடைத்ததால். அரசாங்கக் கடன்பத்திரங்களின் கொடுக்கல் வாங்கலைத் தீர்த்துவைக்கும் இரண்டு பெரிய வங்கிகளில் ஒன்றான பேங்க் ஒஃப் நியூயோர்க்கின் அலுவலகங்கள், விழுந்த கோபுரங்களுக்குப் பக்கத்தில் இருந்தன. ஆட்களை வெளியேற்றியாயிற்று, தொலைபேசி இணைப்புகள் போயிற்று. மற்றவர்கள் அனுப்பிய காசு அதன் கணக்கில் வந்து குவிந்தபடி இருக்க, அதிலிருந்து வெளியே அனுப்பவேண்டியது பல நாட்களாக இழுபட்டது. ஒருவரிடம் தேங்கி நின்றால் இன்னொருவரிடம் வற்றும். வற்றியவர்களுக்குப் பெடரல் ரிசர்வ் ஊற்றிக்கொண்டிருந்தது.

அதிலும் எனக்குப் பிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. அமெரிக்காவில் அப்போதும் காசோலைத் தாள்கள் விமானத்தில்தான் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. விமானங்களை நிறுத்தியதும் காசோலைகளும் நின்றன. உலகத்தின் பெரிய பொருளாதாரத்திலும் எங்கள் புறக்கோட்டை மேசையைப் போலவே கட்டுக் கட்டாகத் தாள் கிடந்திருக்கிறது என்று நினைத்து ஒரு அற்ப சந்தோஷம். தாளுக்குப் பதிலாகப் படத்தை அனுப்பலாம் என்ற சட்டத்தை 2003இல் அங்கே கொண்டுவந்தார்கள். இலங்கையில் வங்கிகளுக்கிடையே காசோலைகளைத் தீர்த்துவைக்கும் லங்காகிளியர் நிறுவனம் 2006இல் காசோலையைப் படமாக அனுப்பத் தொடங்கியபோது எங்கள் பழைய முகாமையாளரைத்தான் நினைத்தேன்.

ஆக, 1996உம் 2001உம் எனக்குச் சொல்லித் தந்தது ஒரே பாடம். குழாயைச் சரிசெய், ஜன்னலைத் திறந்து வை, வங்கி நிற்கும். வகுப்பெடுத்த பிள்ளையும் இந்தப் பாடத்தைத்தான் சொன்னார். அதே 2001இல் எங்கள் நாட்டிலேயே வேறொரு பாடம் நடந்துகொண்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நியூயோர்க்குக்கு ஏழு கிழமை முந்தி, ஜூலை 24 அன்று, கட்டுநாயக்க விமான நிலையத்தைப் புலிகள் தாக்கினார்கள். ஒரு வங்கியின் கண்ணாடியும் உடையவில்லை. ஆனால் கொழும்புக்கு வரும் கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் காப்புறுதிக்காரர்கள் போர் அபாயக் கட்டணத்தைத் தூக்கிவிட்டார்கள். ஏற்றுமதி செய்கிறவனுக்குச் செலவு ஏறியது, ஹோட்டல்காரனுக்கு வரவு நின்றது. உலகச் சந்தையும் மந்தம், மழையும் பொய்த்து மின்வெட்டு. எல்லாம் சேர்ந்து அந்த வருடம் பொருளாதாரம் 1.5 சதவீதம் சுருங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிச் சுருங்கியது அதுதான் முதல் தடவை. வங்கியில் அது எப்படித் தெரியும்? தெரியாது. ஆறு மாதம் கழித்து, தவணை கட்டாதவர்களின் பட்டியல் ஒரு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமாகும். அதில் குண்டு என்று எங்கேயும் எழுதியிருக்காது.

நீர்கொழும்பு, 2019

உயிர்த்த ஞாயிறன்று நான் நீர்கொழும்புப் பக்கம் ஒரு கிளையில் கடன் பிரிவில் இருந்தேன். கட்டுவாப்பிட்டிய தேவாலயத்தில் செத்தவர்களில் எங்கள் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அதைப் பற்றி எழுத என்னால் முடியாது, விட்டுவிடுகிறேன். கிளை திறந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டு எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தோம். பாஸ் புத்தகத்தோடு வந்த கிழவிகளின் வெற்றிலைப் பையைக்கூடப் பார்த்தோம். ஏ.டி.எம். வேலை செய்தது. கணினி வேலை செய்தது. குழாயில் ஒரு குறையும் இல்லை.

அந்த மே மாதம் நாட்டுக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 37,802 பேர். முந்தைய வருட மே மாதத்தில் 129,466 பேர். இந்த எண்களை நான் பிறகுதான் பார்த்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது, கடற்கரை வீதியில் மாலை ஆறு மணிக்கே விளக்கணைத்த சாப்பாட்டுக் கடைகளும், வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த முதலாளிமாரும்தான். வெளிநாட்டுக்காரன் வராவிட்டால் ஹோட்டலுக்குத்தான் நட்டம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். எங்கள் கிளையின் கடன் கோப்புகளை அடுக்கிப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். இறால் கொடுக்கிறவர், துணி வெளுக்கிறவர், படகுக்காரர், ஆயுர்வேத எண்ணெய் விற்கிற அம்மா, வழிகாட்டிப் பையன்கள், வான்காரர்கள். ஒரே கயிற்றில் காயப்போட்ட துணிபோல எல்லோரும்.

அது போதாதென்று மே மாதத்தில் கலவரம். 13ஆம் திகதி மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகளை எரித்தார்கள். எரிந்த கடைக்குக் காப்புறுதி உண்டு. எங்கள் தொழிலில் அதை எஸ்.ஆர்.சி.சி. என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போவோம், வேலைநிறுத்தம், கலவரம், அமளி எல்லாம் அதில் அடக்கம். பயங்கரவாதத்துக்கும் சேர்த்து அரசாங்கத்தின் நிதியம் ஒன்று இருக்கிறது. லண்டனில் 1993இல் பிஷப்ஸ்கேட்டில் லொறிக்குண்டு வெடித்த வருடம், தனியார் காப்புறுதிக்காரர்கள் இனி எங்களால் இயலாது என்று பின்வாங்கியதால், அரசாங்கத்தைப் பின்னால் நிறுத்தி பூல் ரீ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த நாட்டிலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். சரி, எரிந்த கடைக்கு அது காசு கொடுக்கும். எரியாத கடைக்கு? எங்களிடம் கடன் வாங்கியிருந்த ஒரு துணிக்கடை முதலாளிக்கு ஒரு கல்கூட விழவில்லை. பதினைந்து வருடமாக வந்த சனம் அந்த மே மாதத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். வாங்காதே என்று போனில் சுற்றிவந்த செய்திக்கு எந்தக் காப்புறுதிப் பத்திரத்திலும் இடமில்லை. 'சேர், என்ட கடையையும் எரிச்சிருந்தா நல்லம்' என்று அவர் சொன்னபோது என்ன முகம் வைப்பதென்று தெரியாமல் கோப்பைப் புரட்டினேன்.

மத்திய வங்கி சும்மா இருக்கவில்லை. அப்போது ஆளுநர் இந்திரஜித் குமாரசுவாமி. மே கடைசியில் கொள்கை வட்டியை அரை சதவீதம் குறைத்தார்கள். சுற்றுலாத் துறைக்கு 2020 மார்ச் 31 வரை முதலும் வட்டியும் கட்டவேண்டாம் என்று சலுகைக் காலம் வந்தது. சுற்றறிக்கை கையில் கிடைத்த அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. 2001இல் வாஷிங்டனில் திறந்த ஜன்னல் இங்கே திறந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வித்தியாசம்: அந்த ஜன்னல் வங்கிகளுக்கானது, எந்த வங்கி வந்து நின்றாலும் பெயர் கேட்காது. இந்த ஜன்னலில் பத்திரம் காட்டவேண்டும். சுற்றுலா அதிகாரசபையில் பதிந்திருக்கவேண்டும் என்பது எங்கள் கிளைக்கு வந்த விளக்கம். பெரிய ஹோட்டல்களிடம் அது இருந்தது. ஒற்றை வான் வைத்து ஓட்டுகிறவர்களில் பலரிடம் இருக்கவில்லை.

டோக்கன் எண் 14

அந்த வான்காரரைப் பெயர் சொல்லாமல் வான்காரர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். கே.டி.எச். வான் ஒன்றை எங்களிடம் லீசிங்கில் எடுத்திருந்தார். மாதத் தவணை அறுபதாயிரத்துக்கு மேல், ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி. ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும், ஊரே கட்டாமல் நிற்கும்போது, அவர் ஒரு நாள் பிந்தாமல் கட்டினார். மாதாந்தக் கூட்டத்தில் நான்தான் எழுந்து சொன்னேன்: "கஷ்டம் கஷ்டம் என்கிறார்கள், இந்த மனிசனைப் பாருங்கள். ஒழுங்கு இருந்தால் கட்டலாம்." முகாமையாளர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். இப்போது எழுதும்போதும் காது சுடுகிறது.

செப்டெம்பரில் ஒரு நாள், அடகுப் பகுதியில் இருந்த பிள்ளை மத்தியானச் சாப்பாட்டுக்குப் போக, அரை மணித்தியாலம் அந்தக் கவுன்டரில் நான் உட்கார்ந்தேன். டோக்கன் 14 என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் அவர். என்னைக் கண்டதும் பாதி வழியில் நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் வந்து, கைக்குட்டையை அவிழ்த்து, இரண்டு காப்பை மேசையில் வைத்தார். "சேர், நீங்க இங்கயா?" என்றார். நான் வேறெங்கேயோ இருக்கவேண்டியவன், தன்னைக் காணக்கூடாத இடத்தில் கண்டுவிட்டேன் என்பதுபோல.

காப்பை உரைத்துப் பார்க்க வந்தவர் அவருக்குப் பழக்கமானவர். "இதோட எல்லாம் முடிஞ்சுதா அண்ணே?" என்று சாதாரணமாகக் கேட்டார். அவருடைய பழைய அடகுச் சீட்டுகளைத் திரையில் எடுத்தேன். ஜூன் 3, நாலு பவுண் சங்கிலி. ஜூலை 4, ஒரு பதக்கமும் தோடும். ஓகஸ்ட் 5, பிள்ளையின் கைச்சங்கிலி. ஒவ்வொரு சீட்டிலும் எடுத்த தொகையைவிடத் தேவை பெரிது, மிச்சத்தை எங்கேயோ கைமாற்றாக வாங்கியிருப்பார். பக்கத்துத் திரையில் அவருடைய லீசிங் கணக்கு. ஜூன் 4, ஜூலை 5, ஓகஸ்ட் 5, தவணை வரவு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது எனக்கு 1996இல் காலுக்குக் கீழே அசைந்த நிலம் ஞாபகம் வந்தது. எங்கள் வங்கியின் ஒரு கவுன்டரில் எடுத்த காசை நாலு அடி தள்ளி இன்னொரு கவுன்டரில் கட்டியிருக்கிறார். லீசிங் பிரிவுக்கு நல்ல கடன். அடகுப் பிரிவுக்கு நல்ல வளர்ச்சி. இரண்டும் என் மேசைக்கு நல்ல செய்தியாகத்தான் வந்திருந்தன. அதில் ஒன்றை நான் எழுந்து நின்று வாசித்தும் இருந்தேன்.

அந்தக் கிழமைக் கடைசியில் அவர் வீட்டுக்குப் போனேன். உத்தியோகமாகப் போகவில்லை, போக ஒரு சாட்டும் இல்லை. தவணை பிந்தாதவர் வீட்டுக்கு வங்கிக்காரன் எதற்குப் போவான்? வான் பலாமரத்துக்குக் கீழே நின்றது, மேலே நீலத் தறப்பாள், தறப்பாள் மேல் காய்ந்த இலை. பற்றரி இறங்கிவிடக்கூடாதென்று ஒருநாள்விட்டு ஒருநாள் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி வைப்பதாகச் சொன்னார். கதவைத் திறந்து காட்டினார். முன் இருக்கையில், விமான நிலையத்தில் தூக்கிப் பிடிக்கும் வெள்ளைப் பலகை. அதில் கறுப்பு மையால் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் பெயர். ஏப்ரல் 27 வரவேண்டியவர்கள். அழிக்கவில்லையா என்று கேட்டேன். மை காய்ந்துபோனது, அழியவில்லை என்றார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உடனே உள்ளே போனார். கழுத்தில் கறுப்பு நூலில் ஒரு சின்னச் சிலுவை.

"அண்ணே, நகையை வைத்துத் தவணை கட்டுவதற்கு, வந்து சொல்லியிருக்கலாமே. நாள் கேட்டுப் பார்த்திருப்போம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சேர், அடகுக்கு ஆள் தேடி வரமாட்டாங்க. வானுக்கு வருவாங்க" என்றார்.

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை. அவர் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். தங்கம் பெட்டகத்தில் சும்மா இருக்கும், வட்டி ஏறும், பார்ப்போம். வான் போனால் பிழைப்பு போகும். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதையே செய்திருப்பேன். இருபத்தைந்து வருடம் கடன் கோப்பு பார்த்தவனுக்கு அது முன்கூட்டியே தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

அடுத்த கிழமை, அடகுப் பிள்ளையும் நானும் மத்தியானங்களில் சில கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். இப்படியானவர்களை எண்ணக் கை விரல்கள் போதவில்லை. முகாமையாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தவணை வருகிறதல்லவா?" என்று கேட்டார். வருகிறது. தொண்ணூறு நாள் வராவிட்டால்தான் அது கெட்ட கடன். வந்துகொண்டிருப்பது எங்கேயிருந்து வருகிறது என்று கேட்க எந்தப் படிவத்திலும் பெட்டி இல்லை.

கணக்கில் வராதது

நாட்டின் வங்கிகளில் கெட்ட கடன் விகிதம் 2018 முடிவில் 3.4 சதவீதம், 2019 முடிவில் 4.7 சதவீதம். இந்த ஏற்றம் முழுவதையும் குண்டின் தலையில் கட்டினால் அது நேர்மையில்லை. 2018 ஒக்டோபரில் ஒரே நேரத்தில் இரண்டு பிரதமர்கள் இருந்த கூத்து, ரூபாயின் சரிவு, அதற்கு முந்தியே சோர்ந்திருந்த வியாபாரம் எல்லாம் அதில் உண்டு. நான் சொல்ல வருவது அந்த எண்ணுக்கு வெளியே இருப்பதை. சலுகைக் காலத்தில் போன கடன் கட்டாத கடனாகக் கணக்கில் வராது. நகை வைத்துக் கட்டிய தவணையும் வராது. மாமனாரிடம் கைமாற்றாக வாங்கியது, பிள்ளையின் டியூஷனை நிறுத்தியது, இத்தாலியில் இருக்கிற தங்கச்சி அனுப்பியது, ஒன்றும் வராது. திரையில் அந்தக் கோடு அசையாமல் நின்றதற்கு மூலதனம் ஒரு காரணம் என்றால், பலாமரத்துக்குக் கீழே நின்ற வானும் ஒரு காரணம்.

சலுகைக் காலத்தை நான் பழிக்கவில்லை. அது இல்லாவிட்டால் அந்த வருடமே கடற்கரை வீதியில் பாதி ஏலத்துக்கு வந்திருக்கும். ஏலம் விட்டால் வாங்க ஆள் இருந்திருக்காது, வங்கிக்கும் அது நட்டம். ஆனால் ஒத்திவைத்த வட்டி கரைந்துபோவதில்லை, ஏறிக்கொண்டு நிற்கும். முதல் ஒத்திவைப்பு முடிய முந்தியே கொரோனா வந்தது, அதற்கொரு ஒத்திவைப்பு. அப்படியே நீட்டி நீட்டி, சுற்றுலாத் துறைக்கு அது 2022 ஜூன் வரை போனது. அதற்குள் நாடே தன் வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டேன் என்று அறிவித்துவிட்டது. அந்த வருட முடிவில் 'மூன்றாம் நிலை' என்று வங்கிகள் ஒதுக்கிவைக்கும், கெட்டுப்போன கடன்கள் மொத்தக் கடனில் 11.3 சதவீதம். அதில் எவ்வளவு டொலர் இல்லாததால், எவ்வளவு நோயால், எவ்வளவு அந்த ஞாயிற்றுக்கிழமையால்? ஒரு கோப்பை எடுத்துக் கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் புரட்டிக்கொண்டு வந்தால், சில கோப்புகளில் முதல் ஒத்திவைப்புக் கடிதத்தின் திகதி 2019 மே அல்லது ஜூன் என்று இருக்கும். அவ்வளவுதான் தடயம்.

வகுப்பெடுத்த பிள்ளையின் சிவப்புக் கோடு ஒரு நாளைக் காட்டியது. எங்கள் கோப்புகளில் அந்த நாளுக்கு மூன்று வருட நீளம்.

2020 பெப்ரவரி கடைசியில் வான்காரர் கிளைக்கு வந்தார். இந்த முறை நேரே என் மேசைக்கு. முகம் தெளிந்திருந்தது. டிசம்பரிலிருந்து ஓட்டம் பரவாயில்லை என்றார். ரஷ்யக்காரர்கள் நிறைய வருகிறார்கள், இரண்டு தரம் யால, ஒரு தரம் எல்ல போய்வந்தாராம். பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார், இப்போது சோக்கட்டியால் எழுதுகிறார். சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து எண்ணி, மனைவியின் சங்கிலியை மீட்டார். அடகுப் பிள்ளை உறையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தபோது, கொஞ்ச நேரம் அப்படியே பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காப்பையும் எடுக்கலாமே, கொஞ்சம்தானே குறைகிறது என்றேன்.

"இருக்கட்டும் சேர்," என்றார். "டயர் இரண்டு மாத்தணும். ஏப்ரல்ல சீசன் நல்லா இருக்கும் எண்டு எல்லாரும் சொல்றாங்க. அதோட எடுக்கிறன்."